தரையில் இருப்பதாக எண்ணிய விமானம்

அன்புள்ள ஐயா,

அலாஸ்காவில் எஃப்-35 போர்விமானம் ஒன்று தரையிறங்க முயன்று விழுந்து எரிந்த காணொளியைப் பார்த்தேன். விமானி வானிலிருந்தபடியே பொறியாளர்களுடன் ஏறத்தாழ ஒரு மணி நேரம் பேசியும் விமானத்தைக் காப்பாற்ற இயலவில்லையாம். பறந்துகொண்டிருக்கும் விமானம் தான் தரையில் நிற்பதாக எப்படி எண்ணும்? எல்லாவற்றையும் கணினியிடம் ஒப்படைத்ததன் விளைவென்று இதைக் கொள்ளலாமா?

தங்கள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி

அன்புள்ள நண்பருக்கு,

கணினியின் மீது பழி போடுவதற்கு முன் அந்த விமானத்தின் கால்களைப் பார்க்க வேண்டும்.

விபத்து நிகழ்ந்தது 2025 ஜனவரி 28 அன்று, ஃபேர்பேங்க்ஸ் நகருக்கு அருகிலுள்ள ஐல்சன் விமானப்படைத் தளத்தில். அன்றைய குளிர் சுழியத்துக்குக் கீழே ஏறத்தாழ 18 டிகிரி செல்சியஸ். மேலெழுந்த எஃப்-35ஏ விமானத்தின் முன்சக்கரம் முழுமையாக உள்ளே மடங்கவில்லை. விமானி அதை மீண்டும் இறக்கியபோது அது நேராக நிற்காமல் இடப்புறம் திரும்பியபடி இறுகிக்கொண்டது. அந்த நிலையில் இறங்கி ஓடினால் விமானம் ஓடுபாதையை விட்டு விலகிச் சென்றுவிடும் என்ற அச்சத்தில்தான், அதைத் தயாரித்த லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்தின் பொறியாளர்கள் ஐவரைத் தொலைபேசியில் இணைத்து ஏறத்தாழ 50 நிமிடம் ஆலோசித்தார்கள்.

விமானத்தின் சக்கரக் காலுக்குள் ஹைட்ராலிக் எண்ணெயும் அழுத்தப்பட்ட வாயுவும் உள்ளன. விமானத்தின் எடை சக்கரத்தின் மேல் அமரும்போது கால் அமுங்குகிறது. தரையை விட்டு எழுந்ததும் நீள்கிறது. அந்த அமுங்கலை அறியும் சென்சார்களே விமானம் தரையில் இருக்கிறதா, வானில் இருக்கிறதா என்பதைக் கணினிக்குத் தெரிவிக்கின்றன. தரையில் ஓடும்போது விமானத்தை இயக்கும் விதிகள் வேறு, பறக்கும்போது வேறு என்பதால் இந்தச் செய்தி இன்றியமையாதது. விபத்துக்குப் பின் முன்காலையும் வலப்பக்கப் பின்காலையும் சோதித்தபோது, அவற்றிலிருந்த திரவத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தண்ணீராக இருந்தது. தண்ணீர் உறைந்தால் அதன் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு கூடும் என்பதை எண்ணிப் பாருங்கள். அசைய வேண்டிய இடத்தில் பனிக்கட்டி அடைத்துக்கொண்டு நின்றது.

கோணிய சக்கரத்தை நேராக்கும் நோக்கத்துடன், ஓடுபாதையைத் தொட்டுவிட்டு உடனே மேலெழும் முறையை விமானி இருமுறை செய்து பார்த்தார். சக்கரம் நேராகவில்லை. ஆனால் இரண்டாம் முறை மேலெழுந்தபோது, அமுங்கிய பின்கால்கள் பனியின் காரணமாக முழுமையாக நீளவில்லை. விமானம் தரையில் இருப்பதாகவே சென்சார்கள் தெரிவித்தன. கணினியும் அதை ஏற்றுத் தரைக்குரிய விதிகளுக்கு மாறியது. அதன்பின் விமானி எதைச் செய்தும் விமானம் கட்டுக்குள் வரவில்லை. அவர் இருக்கையோடு வெளியேறிப் பாராசூட்டில் இறங்கி உயிர் பிழைத்தார்.

ஆகவே கணினி தனக்குச் சொல்லப்பட்டதையே நம்பியது. எஃப்-35 போன்ற விமானங்கள் இயல்பிலேயே நிலைத்தன்மை குறைந்தவையாக வடிவமைக்கப்படுகின்றன. கணினியின் இடையறாத திருத்தம் இல்லாமல் அவற்றை மனிதக் கைகளால் பறக்க வைக்க இயலாது. கணினியை விலக்குவது இங்கே ஒரு வழியே அன்று.

என் மனத்தை உறுத்துவது வேறொன்று. அந்த 50 நிமிடமும் எல்லாருடைய கவனமும் கண்ணுக்குத் தெரிந்த முன்சக்கரத்தின் மீதே குவிந்திருந்ததாக எனக்குத் தோன்றுகிறது. அது ஏன் கோணிற்று, அதே காரணம் மற்றக் கால்களிலும் இருக்கக்கூடுமா என்ற கேள்விக்கு உரிய இடம் கிடைக்கவில்லை. கடுங்குளிரில் இந்தச் சென்சார்கள் தவறான செய்தி தரக்கூடும், அதனால் விமானத்தைக் கட்டுப்படுத்துவது கடினமாகலாம் என்ற எச்சரிக்கையை லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனமே 2024 ஏப்ரலில் பராமரிப்பாளர்களுக்கு வெளியிட்டிருந்தது. அதை அன்று எடுத்துப் பார்த்திருந்தால், இரண்டாம் முறை தொட்டெழுவதற்குப் பதிலாக நேரே இறங்கி நிறுத்தவோ திட்டமிட்டு வெளியேறவோ அறிவுறுத்தியிருப்பார்கள் என்று அமெரிக்க விமானப்படையின் விசாரணை அறிக்கை கருதுகிறது. ஆலோசனையில் இருந்தவர்களின் முடிவுகளையும் விபத்துக்கான காரணங்களுள் ஒன்றாக அது சேர்த்திருக்கிறது. அவர்களை நான் இகழவில்லை. எரிபொருள் குறைந்துகொண்டிருக்க, ஓர் உயிர் வானில் காத்திருக்க, தொலைவிலிருந்து முடிவெடுப்பது எவருக்கும் கடினம்.

இருந்தாலும் விபத்தின் வேர் இன்னும் கீழே, கால்களில் நிரப்பும் ஹைட்ராலிக் எண்ணெய்ப் பீப்பாய்கள் வைக்கப்பட்டிருந்த இடத்தில் இருக்கிறது. அத்தகைய பொருட்களைச் சேமித்துக் கையாள்வதில் போதிய மேற்பார்வை இல்லை என்றும், கால்களில் எண்ணெய் நிரப்பும் நடைமுறைகள் சரிவரப் பின்பற்றப்படவில்லை என்றும் அறிக்கை கூறுகிறது. 19 கோடி டாலருக்கும் மேல் இழப்பு. பீப்பாயிலிருந்து எடுத்த எண்ணெயைச் சோதிப்பவரின் பெயர் எந்தச் செய்தியிலும் வருவதில்லை. ஆயினும் விமானியின் உயிர் அவருடைய கையிலும் இருக்கிறது. அந்தக் காணொளியைக் கேலிச் சொற்களோடு பலர் பகிர்ந்தது எனக்கு வருத்தமளித்தது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒன்பது நாட்கள் கழித்து அதே தளத்தில் இன்னொரு எஃப்-35 விமானத்திலும் இதே போன்ற பனிச்சிக்கல் ஏற்பட்டது. அது பத்திரமாகத் தரையிறங்கியது.

அன்புடன்.