பூட்டிய வீடும் எலிப் பயமும்: டாக்டர் பதில்கள்

கானாடுகாத்தானிலிருந்து ஒரு ஆச்சி: பத்து வருஷமாகப் பூட்டிக் கிடக்கும் வீட்டைப் பேத்தி கல்யாணத்துக்குத் திறக்கிறோம். இரண்டாம் கட்டு முழுக்க எலிப் புழுக்கை. ஹாண்டா வைரஸ் வந்துவிடுமா?

ஆச்சி, எலியின் புழுக்கை, மூத்திரம் வழியாகப் பரவும் அந்த வைரஸ் நோய் மிக அபூர்வம். 1993 முதல் 2022 வரை அமெரிக்கா முழுவதிலும் பதிவானதே 864 பேர்தான். நுரையீரலைத் தாக்கும் ஹாண்டா வகையைச் சுமக்கும் எலிகளும் அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை. ஆனாலும் விளக்குமாறு எடுத்து அப்படியே பெருக்கிவிடாதீர்கள். காய்ந்த புழுக்கையும் மூத்திரமும் தூசியோடு மூச்சில் ஏறும். முதலில் கதவு, ஜன்னலெல்லாம் திறந்து அரை மணி நேரம் காற்றாட விடுங்கள். ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, ஐந்து நிமிஷம் ஊறியதும் பழைய துணியால் துடைத்தெடுங்கள். கையுறை கட்டாயம். வேலைக்கு வரும் பெண்களுக்கும் சேர்த்து வாங்குங்கள்.

காரைக்குடி வாசகர்: ஹாண்டா வகை வைரஸ் வேலூரிலேயே இருந்ததாமே?

உண்மைதான். 1964-இல் தோட்டப்பாளையத்தில் பிடித்த மூஞ்சூறில் கிடைத்தது. அதனால் மனிதருக்கு நோய் வந்ததாக உறுதியாகவில்லை.

தேவகோட்டை பக்கமிருந்து ஒரு தம்பி: அம்மா நாற்று நட்டு வந்தார். மூன்று நாளாகக் காய்ச்சல், கெண்டைக்காலில் தொட முடியாத வலி, கண் சிவப்பு. டெங்குவா?

டெங்குவாகவும் இருக்கலாம். ஆனால் நீங்கள் சொல்வதைக் கேட்டதும் எனக்கு எலிக்காய்ச்சல்தான் நினைவுக்கு வருகிறது. உலகில் வருஷத்துக்குச் சுமார் பத்து லட்சம் பேருக்கு வந்து, அறுபதாயிரம் உயிர் வரை கொண்டுபோகும் நோய் இது. எலி மூத்திரம் கலந்த சேற்றுத் தண்ணீர் காலில் உள்ள சின்ன வெட்டுக்காயம் வழியாகவே உள்ளே போய்விடும். எங்கள் தெருவில் ஒருவருக்கு இந்தக் காய்ச்சலில் கண் மஞ்சளானதும் கீழாநெல்லி கொடுத்தே ஆறு நாள் ஓட்டிவிட்டார்கள். சிறுநீரகம் பழுதாகி, பிழைத்ததே பெரிது. சரி, இன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். வயலில் இறங்கியதை முதலில் சொல்லுங்கள். அதைச் சொன்னால்தான் டாக்டருக்கு இந்தச் சந்தேகம் வரும். டாக்ஸிசைக்ளின், பென்சிலின் போன்ற சாதாரண மருந்துகளே கேட்கும். அப்புறம், அக்குள், இடுப்பு மடிப்பில் சிகரெட் சுட்டதுபோல் கறுத்த புண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உண்ணிக்காய்ச்சலாக இருக்கலாம். எலி மேல் வாழும் நுண்ணிய பூச்சி கடித்து வருவது அது. அதையும் காட்டுங்கள். ரிசல்ட் வந்ததும் எழுதுங்கள் தம்பி, காத்திருப்பேன்.