ஆறாவது பனை

கேள்வி: தனுஷ்கோடியை வைத்துப் பேய்க் காமிக்ஸ் வரைகிறேன். 1964 புயலில் இறந்தவர்கள்தான் கதையில் பேயாக வருகிறார்கள். கோரைப்பல், சிவந்த கண், விரிந்த கூந்தல் எல்லாம் போட்டும் நண்பர்கள் சிரிக்கிறார்கள். அம்மாவோ வரையவே கூடாது என்கிறார். என்ன செய்யட்டும்?
– கல்லூரி மாணவர், பாம்பன்

பதில்: தம்பி, அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில், பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன ரயிலைப் பயணிகளோடு கடல் கொண்டுபோனது. அவர்களின் பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் உங்கள் தெருவிலேயே இருக்கலாம். அந்த முகங்களுக்குக் கோரைப்பல் வைக்காதீர்கள். புயல் கதையில் இருக்கட்டும். பேய் வேறெங்கிருந்தாவது வரட்டும்.

உங்கள் மாவட்டம் முழுக்கப் பனை நிற்கிறதே! கலிங்கத்துப்பரணியில் செயங்கொண்டார் பேய்களைப் பாடும்போது, கருத்து நெடிய பனங்காடு முழுவதுக்கும் காலும் கையும் இருந்தாற்போல என்கிறார். குகை போன்ற வாயையும் பாடியிருக்கிறார்தான். ஆனால் எனக்கு இன்றைக்கும் முதுகு சில்லிடுவது அந்தப் பனங்காட்டுக்குத்தான்.

முதல் பக்கத்தில் பகல். மணல்மேட்டில் ஐந்து பனை, கீழே வலை காய்கிறது. நான்காம் பக்கத்தில் அதே இடம், அதே கோணம், இரவு. இப்போது ஆறு பனை. வசனம் வேண்டாம். பையன் அதைக் கவனிக்கவும் வேண்டாம், படிப்பவர் கவனிக்கட்டும். அடுத்த கட்டத்தில் மறுபடி ஐந்து. மணலில் பையனின் காலடித் தடம் மட்டும் இருக்கிறது. ஆறாவது நின்ற இடம் கலையவே இல்லை. பேய்க்குக் கால் தரையில் பாவாது என்று பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது போதும்.

சிவந்த கண்ணை எடுத்துவிடுங்கள். கண் இருந்தால் அது எங்கே பார்க்கிறது என்று தெரிந்துவிடும், தெரியாதவரைதான் பயம். உடம்பு முழுக்கக் கறுப்பு மை. மட்டைகளின் ஓரத்தை மட்டும் மை வற்றிய தூரிகையால் இழுங்கள், வாடைக்காற்றில் சலசலப்பது கண்ணுக்கே கேட்கும்.

பேயை முழுதாகக் காட்டியே ஆகவேண்டுமென்றால் ஒரே ஒரு தடவை காட்டுங்கள். வலப்பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் பையன் திரும்பிப் பார்க்கும் முகம்; அவன் பார்த்தது, தாளைத் திருப்பினால் வரும் இடப்பக்கத்தில். சினிமாவுக்கு இசை இருக்கிறது. நமக்கு, தாளின் ஓரத்தில் விரல் தயங்கும் அந்த நொடி.

வரைந்ததும் முதலில் அம்மாவிடம் கொடுங்கள். நான்காம் பக்கம் வந்ததும், அவர் முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய்ப் பனைகளை எண்ணுகிறாரா என்று பாருங்கள்.