விருந்துக்கு எவ்வளவு கறி வாங்குவது? கேள்வி பதில்

விருந்துச் சமையலுக்குக் கறி வாங்குவதில்தான் நிறையப் பேருக்குக் குழப்பம். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பத்துப் பேர் வருகிறார்கள். ஆளுக்கு எவ்வளவு கறி, ஒரே வரியில் சொல்லுங்களேன்.

எலும்பில்லாத கறி என்றால் பச்சை எடையில் ஆளுக்கு 200 கிராம், எலும்போடு என்றால் 300 முதல் 350 கிராம். ஆக, பத்துப் பேருக்கு 2 கிலோ அல்லது மூன்று, மூன்றரைக் கிலோ. ஆனால் இதை மட்டும் குறித்துக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடாதீர்கள், அடுத்த பதிலையும் படியுங்கள்.

கேள்வி: கணக்காகத்தான் வாங்கினேன். வெந்த பிறகு பார்த்தால் சட்டியில் பாதிதான் இருக்கிறது. எடையில் ஏமாற்றிவிட்டார்களோ?

கடைக்காரர் மேல் பழி போடாதீர்கள். கறியில் பெரும்பகுதி தண்ணீர்தான். சூடு ஏற ஏறத் தசை சுருங்கி அந்த நீரை வெளியே தள்ளிவிடும், கொழுப்பும் உருகி ஓடும். சாதாரணமாக வேகவைத்தாலே கால் பங்கு எடை போய்விடும். மணிக்கணக்கில் அடுப்பில் விட்டு, நார்நாராகப் பிய்த்துப் பரிமாறும் கறியில் 40, 50 சதவீதம்கூடக் குறையும்.

அதனால் கணக்கைத் தட்டிலிருந்து தொடங்குங்கள். ஒருவர் தட்டில் வெந்த கறி 150 கிராம் விழவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கால் பங்கு சுருங்கும் என்றால் பச்சையாக 200 கிராம் வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்கு எலும்பு என்றால் 300. எலும்பே இல்லாவிட்டாலும் பிய்த்துப் போடும் கறி என்றால் அதற்கும் 300. பார்த்தீர்களா, எத்தனை பேர் என்பதைவிட என்ன சமைக்கிறோம் என்பதுதான் எடையை முடிவு செய்கிறது.

கேள்வி: முழுக்கோழி சுட்டுப் பரிமாறப் போகிறேன். ஒன்றரைக் கிலோக் கோழி எத்தனை பேருக்குக் காணும்?

சுத்தம் செய்த பிறகு ஒன்றரைக் கிலோவா, உயிர் எடையா? அதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். உயிரோடு நிறுத்தால், உரித்துக் கைக்கு வரும்போது சுமார் 30 சதவீதம் குறைந்திருக்கும். சுத்தம் செய்தபின் ஒன்றரைக் கிலோ என்றால் தின்னக்கூடிய கறி அதில் ஏறக்குறைய பாதி. நான்கு பேர் தாராளமாகச் சாப்பிடலாம், ஐந்து பேர் என்றால் இழுபறி. எட்டுப் பேருக்கு ஒரே பெரிய கோழியைத் தேடாமல் நடுத்தரமாக இரண்டு வாங்குங்கள். சீக்கிரம் வேகும். நான்கு காலையும் தொடை தனி, கீழ்க்கால் தனி என்று பிரித்தால் எட்டுத் துண்டு, சண்டையே இல்லை.

கேள்வி: குழம்புக்கும் இதே அளவுதானா?

வேண்டாம். எலும்பில்லாமல் ஆளுக்கு 125 முதல் 150 கிராம் போதும். குழம்பில் யாரும் கிராம் பார்ப்பதில்லை, துண்டைத்தான் எண்ணுவார்கள்! ஒரு கிலோவை 30 துண்டாகப் போட்டால் ஆளுக்கு நான்கைந்து வரும். அதையே 15 துண்டாகப் போட்டால் இரண்டுதான். கறி அதேதான், ஆனால் இரண்டு துண்டு விழுந்த தட்டு காலியாகத் தெரியும். வெட்டும்போதே கடையில் அளவைச் சொல்லிவிடுங்கள். ரொம்பவும் பொடியாக்கினால் நெடுநேரக் கொதியில் உடைந்து கரைந்துவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இரண்டு வகைக் கறி வைத்தால் இரண்டு மடங்கு வாங்கணுமா அக்கா?

இந்த இடத்தில்தான் எல்லோரும் கைமீறி வாங்குகிறார்கள். வகை கூடினால் வயிறு கூடாது. ஒவ்வொன்றையும் முழு அளவில் 60 சதவீதம் வாங்குங்கள். எல்லோரும் இரண்டையும் ருசி பார்ப்பார்கள் என்பதற்குத்தான் அந்தக் கூடுதல் 20.

கேள்வி: குழந்தைகள்?

சின்னப் பிள்ளைகளுக்குப் பாதி. பதினைந்து, பதினாறு வயதுப் பையன்கள் வந்தால் ஒருவரை ஒன்றரை ஆளாக எண்ணுங்கள், சொல்லிவிட்டேன்.

கேள்வி: அவரவரே எடுத்துப் போட்டுக்கொள்ளும் விருந்தில் கடைசியில் வருபவர்களுக்குக் கறி இருப்பதே இல்லை.

கறியை வரிசையின் முதலில் வைத்திருப்பீர்கள். கடைசிக்கு மாற்றுங்கள், அங்கே வரும்போது தட்டு முக்கால்வாசி நிறைந்திருக்கும். கரண்டியும் சின்னதாக இருக்கட்டும். மூன்றில் ஒரு பங்கை உள்ளே சூடாக வைத்திருந்து அப்புறம் கொண்டுவாருங்கள்.

கேள்வி: குறைந்துவிட்டால் மானம் போய்விடும் என்ற பயத்தில் எப்போதும் ஒன்றரை மடங்கு வாங்கிவிடுகிறேன்.

பயத்துக்கு 10 சதவீதம் கொடுங்கள், போதும். அதற்கு மேல் கறி தேவையில்லை, சோறோ ரொட்டியோ காய்கறியோ கூடுதலாக இருந்தால் சமாளிக்கலாம். மீந்த கறியை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஆழமான சட்டியோடு அப்படியே வைத்தால் நடுவில் ஆற நேரமாகும், அகலப் பாத்திரங்களில் பிரித்து வையுங்கள். மூன்று, நான்கு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும்.

கேள்வி: மசாலா தடவி உறைய வைத்த பாக்கெட் வாங்கினால்?

உறையில் போட்டிருக்கும் எடையில் மசாலாவும் நீரும் சேர்ந்திருக்கலாம், அதனால் கொஞ்சம் கூட்டியே வாங்குங்கள். உறைந்த முழுக்கோழி ஃப்ரிட்ஜுக்குள் இளக ஒரு நாளாவது ஆகும், விருந்தன்று காலையில் வெளியே எடுத்தால் நடக்காது.