தண்ணீர் தேங்காத இடமாகப் பாருங்கள்

கேள்வி: என்னிடம் இருப்பது கார்பரேட்டர் புல்லட் 350. ஏர் ஃபில்டரையும் சைலன்சரையும் மாற்றியதிலிருந்து இழுவை சரியில்லை. கார்பரேட்டரில் பெட்ரோல் அளவை முடிவு செய்யும் ஜெட்டைப் பார்ப்பதற்காக, புகையை வைத்துக் காற்று-பெட்ரோல் கலவையை அளக்கும் வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சார் வாங்கிவிட்டேன். எஞ்சினிலிருந்து சைலன்சருக்குப் போகும் பெண்டு பைப்பில் ஓட்டை போட மனசு வரவில்லை. சைலன்சர் வாயில் செருகிப் பார்க்கலாமா? எஞ்சின் ஹெட்டை ஒட்டித்தான் வைக்க வேண்டும் என்கிறான் நண்பன்.
– வாசகர், ஃபேர்லாண்ட்ஸ், சேலம்

பதில்: இரண்டுமே வேண்டாம் தம்பி.

புல்லட் ஐடிலில் விட்டு விட்டுத்தான் புகை தள்ளும். ஒரு டப்புக்கும் அடுத்த டப்புக்கும் நடுவில் சைலன்சர் வாய் வெளிக்காற்றைக் கொஞ்சம் உள்ளே இழுக்கும். வண்டி சூடேறும் முன் வாயருகே உள்ளங்கையைக் காட்டிப் பாருங்கள், தள்ளுவதும் இழுப்பதும் தெரியும். சென்சார் அந்தக் காற்றையும் சேர்த்து அளந்து ‘லீன்’ (பெட்ரோல் குறைவு, காற்று அதிகம்) என்று சொல்லும். அதை நம்பிப் பெரிய ஜெட் போட்டால் ஒரு வாரத்தில் பிளக் கரியாகி நிற்கும்.

ஹெட்டை ஒட்டி வைத்தால் சூடு தாங்காது. உங்களுடையது பாஷ் எல்.எஸ்.யு 4.9 வகை என்றால், புகையின் சூடு 930 டிகிரி செல்சியஸுக்குள்ளும், ஸ்பேனர் பிடிக்கிற ஆறுபட்டைப் பகுதி 600 டிகிரிக்குள்ளும் இருக்க வேண்டும். அடிவாரத்திலிருந்து இரண்டாவது கியரில் முறுக்கிக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளை ஏறும்போது ஹெட் பக்கம் எப்படிக் கொதிக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

ஹெட்டிலிருந்து பைப் வழியாகவே அளந்து 45 செ.மீ. தாண்டி, சைலன்சர் தொடங்கும் முன்பாக இடம் தேடுங்கள். உங்கள் வண்டியில் பைப் கீழே இறங்கி, வளைந்து, படுக்கையாகத் திரும்புகிற இடம் அது. பைப்பின் வாயைக் கடிகார முகமாக நினைத்துக்கொள்ளுங்கள். சென்சாரின் வால் (ஒயர் வரும் முனை) 10 மணிக்கும் 2 மணிக்கும் நடுவில் எங்கேயாவது மேல் நோக்கி நிற்க வேண்டும். இடம் இல்லாவிட்டால் படுக்கை மட்டத்திலிருந்து 10 டிகிரியாவது தூக்கி இருக்கட்டும். அதற்குக் கீழே கூடவே கூடாது.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். ஏற்காட்டு எஸ்டேட்டிலிருந்து ஒரு ஜிப்ஸி ஜீப் வந்தது. லிஃப்டில் ஏற்றியிருந்ததால் பைப்பின் அடிப்பக்கம்தான் வெல்டிங் ராடுக்கு வசதியாக இருந்தது. சோம்பேறித்தனம்தான், சென்சார் மாட்டும் வளையத்தை அங்கேயே பற்ற வைத்தேன். மூன்றே வாரத்தில் சென்சாரின் மீட்டர் செத்துவிட்டதென்று திரும்பி வந்தார்கள். சென்சாரைக் கழற்றிச் சாய்த்தேன். ஓட்டை ஓட்டையாக இருக்கும் மூக்கிலிருந்து கறுப்புத் தண்ணீர் இரண்டு சொட்டு என் கட்டை விரலில் விழுந்தது. உள்ளே இருந்த வெள்ளைப் பீங்கானில் மயிரிழை விரிசல்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. மலையில் காலைக் குளிரில் எஸ்டேட்டின் செக்ரோல் ஆபீஸ் (கூலிக் கணக்கு பார்க்கிற இடம்) வரை மட்டும் போய்த் திரும்புகிற வண்டியில் அந்த ஆவி பைப்புக்குள்ளேயே தண்ணீராகித் தங்கும். சென்சாரின் ஹீட்டரோ பீங்கானை 780 டிகிரி அளவில் வைத்திருக்கிறது. அதில் ஒரு சொட்டுப் பட்டால் என்ன ஆகும்? காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த கதைதான். அந்தச் சென்சாரின் விலையை நான்தான் கொடுத்தேன். இப்போதெல்லாம் எஞ்சினை ஸ்டார்ட் செய்த பிறகுதான் மீட்டருக்குக் கரண்ட் கொடுக்கிறேன்.

அப்புறம், வெளிப்பக்கம் வைத்தால் உங்கள் வலது காலில் படும். வெல்டிங்குக்கு முன் வண்டியில் உட்கார்ந்து சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். பைப்பை வண்டியிலிருந்து கழற்றித்தான் பற்ற வைக்க வேண்டும். 18 மி.மீ., 1.5 பிட்ச் மரை உள்ள வளையம் லேத் பட்டறையிலேயே கடைந்து தருவார்கள். அதே மரையில் ஒரு மூடி போல்ட்டும் வாங்குங்கள். ட்யூனிங் முடிந்ததும் சென்சாரைக் கழற்றி போல்ட்டைப் போட்டு மூடிவிடலாம். கரண்ட் இல்லாத சென்சாரைப் புகையில் விட்டால் கரி ஏறிக் கெடும்.

பைப் ஹெட்டில் சேரும் ஜாயிண்டில் கசிவு இருந்தால் அங்கேயும் வெளிக்காற்று புகுந்து லீன் காட்டும். கேஸ்கெட்டை மாற்றுங்கள். சிலிக்கான் பசை தடவி அடைக்காதீர்கள், அதன் ஆவி சென்சாருக்கு விஷம்.

கேள்வி: நீங்கள் சொன்னபடியே சரியான இடத்தில்தான் மாட்டியிருக்கிறேன். சேலம் கோரிமேட்டில் முழு திராட்டிலில் 13.2 (எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 13.2 பங்கு காற்று) காட்டுகிற என் கார்பரேட்டர் பைக், ஏற்காடு லேக் பக்கம் 12.5 காட்டுகிறது. சென்சார் கோளாறா?
– வாசகர், ஏற்காடு

பதில்: சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது. சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் அளவில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டர் அளவில். மேலே காற்று பத்தில் ஒரு பங்கு போல மெலிகிறது. கார்பரேட்டருக்கு அதைப் பார்த்துப் பெட்ரோலைக் குறைக்கத் தெரியாது, அதனால் கலவை நூற்றுக்கு ஐந்தாறு ரிச் ஆகும், அதாவது பெட்ரோல் கூடும். உங்கள் கணக்கும் அதற்குள்தான் வருகிறது. மேலே நின்றுகொண்டு ஜெட்டைச் சின்னதாக்கிவிட்டு அப்படியே கீழே இறங்காதீர்கள். சேலம் வெயிலில் லீனாக ஓடினால் பிஸ்டன் தாங்காது. வாரத்தில் எத்தனை நாள் எங்கே ஓட்டுகிறீர்கள் என்று பார்த்து அந்த ஊருக்கு ட்யூன் செய்யுங்கள்.

இன்னொன்று: 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்குச் சரியான கலவை 13.5 சுமாருக்கு வரும், 14.7 அல்ல. மீட்டர் இன்னும் பழைய 14.7 கணக்கிலேயே எண்ணைக் காட்டும். சரியான கலவையை எந்தப் பெட்ரோலுக்கும் 1 என்று காட்டும் லாம்டா அளவுக்கு மாற்றி வைத்துக்கொண்டால் இந்தத் தலைவலி இல்லை. முழு திராட்டிலில் 0.85 முதல் 0.9 வரை இருந்தால் சரி.

கேள்வி: இதே சென்சாரை என் ஆர்.எக்ஸ் 100-இல் மாட்டலாமா?
– வாசகர், ஆத்தூர்

பதில்: மாட்டலாம், நம்ப முடியாது. டூ ஸ்ட்ரோக்கில் எரியாத புதுக் கலவையும் புகையோடு நழுவிப் போகும், சென்சார் குழம்பும். ஆயிலும் அதன் மூக்கை அடைக்கும். பழையபடி பிளக்கைக் கழற்றி நிறம் பாருங்கள்.