மக்கள் வெறுக்கும் போரைத் தலைவர்கள் ஏன் உடனே கைவிடுவதில்லை?

இழப்பை ஒப்புக்கொள்ள மனம் மறுப்பதே முதற்காரணம் என்பேன். எங்கள் டெல்டாவில், மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேராமல் குறுவை கருகும்போது, போட்ட முதலை விட மனமில்லாமல் மேலும் கடன் வாங்கி டீசல் எஞ்சின் வைத்து இறைப்பவர்கள் உண்டு. கைவிட்டால் நட்டம் உறுதி, தொடர்ந்தால் ஒருவேளை மீளலாம் என்று தோன்றும். இந்த மனப்போக்கைத்தான் உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-இல் கோட்பாடாக வகுத்தார்கள்.

அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சனிடம் இது துலக்கமாகத் தெரிகிறது. வியட்நாம் போரிட்டுக் காக்கும் அளவுக்கு மதிப்புள்ளதல்ல, ஆனால் வெளியேறவும் வழியில்லை என்று 1964 மே மாதம் தன் ஆலோசகரிடம் அவர் தொலைபேசியில் புலம்பியது ஒலிப்பதிவாகவே இருக்கிறது. ஆயினும், கோழை என்ற பெயருக்கு அஞ்சிய அவர், 1965 ஜூலையில் அங்கிருந்த படையை 75,000-லிருந்து 1,25,000 ஆக உயர்த்துவதாக அறிவித்தார். அறியாமை அல்ல, அச்சமே அங்கே முடிவெடுத்தது.

போரைத் தொடங்காதவருக்கு அந்தச் சுமை குறைவு. நம் கோடியக்கரைக்கு எதிரே உள்ள இலங்கைக்கு 1987-இல் அமைதிப்படையை அனுப்பியவர் ராஜீவ் காந்தி. தமிழகத்தில் கசப்பு முற்றிய பிறகும் படை அங்கேயே நீடித்தது. விலகல் 1989-இல் தொடங்கினாலும், அது 1990 மார்ச்சில் முழுமையடைந்தது அவருக்குப் பின் பிரதமரான வி.பி. சிங் ஆட்சியில்தான். இலங்கை அதிபர் பிரேமதாசாவின் நெருக்குதலும் அதற்குக் காரணம்தான். எனினும், தன் முடிவைத் தானே தவறென்று சொல்ல வேண்டிய நிலை சிங்குக்கு இருக்கவில்லை என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.