ஊரிலேயே மருந்தாளுநர்

கேள்வி: உயிரியல் பிரிவில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த என் மகள், ஊரிலேயே மருந்துக்கடை வைக்க விரும்புகிறாள். அனுமதிக்கலாமா? – ஒரு வாசகி, கோத்தகிரி.

பதில்: தாராளமாக அனுமதியுங்கள். டி.ஃபார்ம் என்னும் மருந்தியல் பட்டயம் 2 ஆண்டுப் படிப்பு, அதன்பின் 500 மணி நேரப் பயிற்சி. 4 ஆண்டு பி.ஃபார்ம் பட்டப்படிப்புக்கு உதகையிலேயே கல்லூரி உண்டு. எதைப் படித்தாலும், 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநில மருந்தியல் கவுன்சிலில் பதிவு செய்வது கட்டாயம். நாள் முழுவதும் கொழுந்து பறித்துவிட்டு, இரத்த அழுத்த மாத்திரையின் காலி அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு வரும் ஓர் அம்மாவிடம், முழங்கால் வலிக்கு வேறு மாத்திரை ஏதும் போடுகிறாரா என்று கேட்க வேண்டியவர் மருந்தாளுநர்தான். சில வலி மாத்திரைகள் அழுத்தத்தைக் கூட்டிவிடும். தொடக்கத்தில் வருமானம் குறைவுதான். ஆகவே, சொந்தக் கடைக்கு முன் அனுபவமுள்ள ஒருவரிடம் அவள் சில காலம் வேலை பார்க்கட்டும்.