ஓடாத யூகோவை நம்பி வாங்கலாமா?

கேள்வி: பழைய யூகோ கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. இன்ஜின் ஓடவில்லை. வீட்டில் எல்லோரும் வேண்டாம் என்கிறார்கள், எனக்கோ பார்த்த நாளிலிருந்து மனசு அதிலேயே நிற்கிறது. வாங்கலாமா?

வாங்கலாம், தினமும் வேலைக்குப் போக வேறு வண்டி இருந்தால் மட்டும்.

அந்த ஆசை எனக்கு நன்றாகப் புரிகிறது. மலிவாக விற்பதற்கென்றே செய்த வண்டிகள் இவை, பழுதானதும் பழைய இரும்புக்குப் போய்விட்டன, யாரும் போற்றி வைக்காததாலேயே இன்று அபூர்வமாகிவிட்டன. அப்புறம், போனட்டைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். கிழக்கு ஜெர்மனியின் டிராபன்ட் 601-ஐப் பாருங்கள்: இரண்டு சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக், காற்றிலேயே குளிரும் இன்ஜின், ரேடியேட்டரே கிடையாது. பெட்ரோல் டேங்க் இன்ஜினுக்கு மேலே இருப்பதால் பம்ப் இல்லாமல் தானாக இறங்கும், எவ்வளவு மிச்சம் என்று அறிய டேங்குக்குள் குச்சியை விட்டுப் பார்ப்பார்கள். இப்படிப்பட்ட வண்டி நின்றுபோனால் காரணத்தை நீங்களே தேடிப் பிடிக்கலாம், பிடித்துச் சரிசெய்து அது மறுபடி உயிர்பெறும் அந்த நிமிடத்துக்காகத்தான் இவ்வளவு பாடும்.

சரி, உங்கள் யூகோ. யூகோஸ்லாவியாவின் கிராகுயெவாட்ஸ் நகரில், பியட் கார்களின் அடிப்படையில் செய்தது. 1985-இல் அமெரிக்காவில் 3,990 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. அது கெட்ட பெயர் வாங்கியதில் டைமிங் பெல்ட்டுக்கு, அதாவது வால்வுகளும் பிஸ்டன்களும் ஒன்றோடொன்று இடிக்காமல் நேரம் பார்த்து இயங்க வைக்கும் பட்டைக்கு, பெரிய பங்கு உண்டு. அதை நேரத்துக்கு மாற்றாமல் விட்டு, ஓடும்போது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். அதனால் விற்பவர் எவ்வளவு சொன்னாலும் சாவியைத் திருப்ப விடாதீர்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, இன்ஜினைச் சுழற்றும் கிராங்க் தண்டின் முனையிலுள்ள போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் மெதுவாக இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்காவது இடித்து நின்றால் பலம் கொடுக்க வேண்டாம், உள்ளே திறந்து பார்க்க வேண்டிய வேலை இருக்கிறது என்று வைத்து விலை பேசுங்கள். தடையில்லாமல் சுற்றினாலும், புது பெல்ட் போட்ட பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

இன்ஜின் செத்திருப்பதைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்பட மாட்டேன். துருதான் பயம். இந்த வண்டிக்குத் தனிச் சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, உடம்பேதான் பலம், ஆகவே தரைத் தகடு, கதவுக்குக் கீழுள்ள பகுதி, சஸ்பென்ஷன் மாட்டியிருக்கும் இடங்கள் எல்லாவற்றையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் விட்டுவிடுங்கள்.

பெல்ட், கேஸ்கெட் போன்றவற்றைத் தேடினால் பிடித்துவிடலாம். முன்கண்ணாடி, விளக்கு, பம்பர், ரப்பர் பீடிங்தான் பாடாய்ப் படுத்தும், அவை முழுசாக இருக்கிறதா பாருங்கள். ஓட்டுவதற்கு முன் பிரேக் ஹோஸ், பெட்ரோல் ஹோஸ் எல்லாம் புதிது போடுங்கள், எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை அரித்துக் கசிய வைக்கும், சூடான இன்ஜின் மேல் கசிந்தால் தீப்பிடிக்கும். பட்டன் நன்றாக இருந்தாலும் பழைய டயரை நம்பாதீர்கள்.

விற்பவரிடம் பாகங்களுக்காக வைத்திருக்கும் இன்னொரு ஓடாத யூகோ இருந்தால், அதையும் சேர்த்தே விலை பேசி முடியுங்கள்.